பன்னிரண்டும் ஒன்றுபோல்
மர அம்பு செய்யும் கலை பற்றி ஒரு பார்வை

ஊரில் சிறுவயதில் வில்லும் அம்பும் செய்து விளையாடாதவர்கள் நம்மில் வெகுசிலரே. பூவரசங் கம்பொன்றை வளைத்து நூல் கட்டினால் அது வில். தென்னோலையிலிருந்து உரித்த ஈர்க்கு அம்பு. இராமாயணக் கதை கேட்ட சூட்டோடு வேலியோரம் நின்று குறிபார்த்து விட்டால், அந்த ஈர்க்கு பத்தடி தூரம் நேராகச் செல்லும். பிறகு தலைகீழாகப் புரண்டு, குறிவைத்த மாங்காயை விட்டுவிட்டு அயல்வீட்டு வளவுக்குள் போய் விழும். நம் கைத்திறன் போதாது என்று நினைத்துக்கொள்வோம். உண்மையில் பிழை கையில் இருக்கவில்லை, அம்பில் இருந்தது. முன்னால் பாரமும் பின்னால் இறகும் இல்லாத குச்சி எந்த வில்லாளன் கையிலும் அப்படித்தான் புரளும்.

இந்த உண்மையை உணர்ந்து, அம்பு செய்வதை ஒரு தனித் தொழிலாகவே வளர்த்த நாடுகளில் இங்கிலாந்தும் ஒன்று. இன்று போட்டி மைதானங்களில் பறப்பவை பெரும்பாலும் அலுமினியத்தாலும் கார்பன் இழையாலும் ஆன அம்புகள். ஆயினும் நெடுவில் பயிலும் சங்கங்களில் மரத்தண்டும் பறவை இறகும் கொண்ட அம்பையே இன்றும் கைக்கொள்கிறார்கள். அவர்களில் பலர் தங்கள் அம்புகளைத் தங்கள் கையாலேயே செய்கிறார்கள். சமையலறை மேசையின் ஒரு மூலையில் செய்யக்கூடிய இந்த வேலை, பார்வைக்கு எளிதாகத் தோன்றினாலும், பொறுமையை முழுவதுமாகக் கேட்பது.

கடலடியில் கிடைத்த சாட்சி

1545ஆம் ஆண்டு யூலை 19ஆம் நாள் எட்டாம் ஹென்றி மன்னனின் போர்க்கப்பலான 'மேரி ரோஸ்' சொலன்ட் நீரிணையில் மூழ்கியது. 437 ஆண்டுகள் கழித்து, 1982 ஒக்டோபர் 11ஆம் நாள் அதன் எஞ்சிய பாகம் கடலிலிருந்து தூக்கியெடுக்கப்பட்டது. அந்தக் கப்பலிலிருந்து நூற்றுக்கு மேற்பட்ட நெடுவில்லுகளும் மூவாயிரத்துக்கு மேற்பட்ட அம்புகளும் கிடைத்தன. அவற்றுள் பலவற்றைப் போட்ஸ்மவுத் நகரிலுள்ள அருங்காட்சியகத்தில் இன்றும் காணலாம்.

இரும்பு முனைகள் துருப்பிடித்துக் கரைந்துவிட்டன. இறகுகளும் அழிந்துபோயின. ஆனால் இறகைச் சுற்றிக் கட்டிய நூலின் தடமும், ஒட்டிய பசையின் தடமும் தண்டுகளில் எஞ்சியிருந்தன. பெரும்பாலான தண்டுகள் பொப்லர் மரத்தால் ஆனவை. நாண் அமரும் அடிப்பகுதி பிளந்துவிடாதபடி அதற்குள் மெல்லிய கொம்புச் சில்லொன்றைச் செருகியிருந்தார்கள். இருபத்துநான்கு துளைகள் கொண்ட வட்டமான தோல் தகடுகளும் கிடைத்தன. ஒரு கட்டு அம்புகளை ஒன்றோடொன்று உரசி இறகு நசியாமல் பிடித்துவைக்கும் தகடுகள் அவை.

அதே 1545இல்தான் ரோஜர் அஸ்கம் என்ற அறிஞர் 'டொக்ஸோஃபிலஸ்' என்னும் நூலை வெளியிட்டு மன்னனுக்குக் காணிக்கையாக்கினார். வில்வித்தை பற்றி ஆங்கில மொழியில் அச்சேறிய முதல் நூல் அது. பிற்காலத்தில் இளவரசி எலிசபெத்துக்கு ஆசிரியராக இருந்தவரும் இவரே. அம்புக்கு ஏற்ற மரங்கள் எவை, இறகு எந்தப் பறவையுடையதாக இருக்கவேண்டும் என்பனவற்றையெல்லாம் அவர் விரிவாக ஆராய்ந்திருக்கிறார். கப்பல் மூழ்கியதும் நூல் வெளிவந்ததும் ஒரே ஆண்டில் நிகழ்ந்ததால், எழுத்திலும் பொருளிலுமாக அக்காலத்து அம்பை நாம் இரட்டைச் சாட்சியோடு அறிய முடிகிறது.

தொழில் போனது, பெயர் நின்றது

அம்பு அன்று அரசின் கவலையாக இருந்தது. 1371ஆம் ஆண்டில் லண்டன் நகரத்து அம்புத் தொழிலாளர் நகர முதல்வரிடம் விண்ணப்பித்து, வில் செய்வோரிடமிருந்து தங்கள் தொழிலைப் பிரித்துக்கொண்டார்கள். இரண்டையும் ஒருவரே செய்தால் இரண்டும் தரங்குன்றும் என்பது அவர்கள் வாதம். 1416இல் இயற்றப்பட்ட சட்டமொன்று, அஸ்பென் மரத்தை மரச்செருப்பு செய்யப் பயன்படுத்துவதைத் தடைசெய்தது. அம்புக்கு மரம் தட்டுப்படக்கூடாது என்பதே காரணம். அடுத்துவந்த காலத்தில், கூஸ் எனப்படும் பெரிய வாத்து ஒவ்வொன்றின் சிறகிலிருந்தும் ஆறு இறகுகள் பிடுங்கிச் சேர்க்குமாறு மாவட்ட அதிகாரிகளுக்கு ஐந்தாம் ஹென்றி மன்னன் ஆணையிட்டான். ஒரு வாத்தின் சிறகிலே அம்புக்கு உகந்த வலிய இறகுகள் ஒருசிலவே உண்டு என்பதை அந்த ஆணையை எழுதியவர்கள் நன்கறிந்திருந்தார்கள்.

துப்பாக்கி வந்தது, போர்க்களத்தில் அம்பின் காலம் முடிந்தது. ஆனால் இன்றும் நாம் வேலைசெய்யும் இடத்திலோ பிள்ளைகளின் பள்ளிக்கூடத்திலோ 'ஃபிளெச்சர்' என்ற பெயருடைய ஒருவரைச் சந்திக்கக்கூடும். அம்பு செய்பவர் என்பதே அந்தப் பெயரின் பொருள். 'போயர்' என்றால் வில் செய்பவர். 'அரோஸ்மித்' என்றால் அம்புமுனை அடிக்கும் கொல்லர். தொழில் மறைந்து பல தலைமுறைகள் ஆகியும் பெயர் மட்டும் குடும்பத்தோடு ஒட்டிக்கொண்டு நிற்கிறது.

மரத்தைத் தெரிதல்

இன்று அம்பு செய்ய விரும்புவோர் உருட்டித் திரட்டிய தண்டுகளைக் கடையில் வாங்கலாம். அமெரிக்காவின் ஒரிகன் மாநிலக் கரையோரத்தில் வளரும் போட் ஓர்போட் சீடர் மரம் நெடுங்காலமாகப் பெயர்பெற்றது. பாரங்குறைந்தது, நேரானது, அறுக்கும்போது நறுமணம் வீசுவது. ஸ்புரூஸ், பைன் மரங்களும் வழக்கத்தில் உள்ளன. அஷ் மரம் பாரமானது, அடிதாங்குவது. தண்டின் குறுக்களவு பெரும்பாலும் ஒரு அங்குலத்தின் மூன்றிலொரு பங்குக்கு அண்மையில் இருக்கும்.

தண்டைக் கையில் எடுத்ததும் முதலில் பார்க்கவேண்டியது மரத்தின் இழையோட்டம். இழை தண்டின் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை ஓடவேண்டும். நடுவழியில் பக்கவாட்டாக வெளியேறும் இழை, அம்பு முறியக்கூடிய இடத்தை முன்கூட்டியே காட்டிக்கொடுக்கிறது. கணு உள்ள தண்டை இரக்கமின்றி ஒதுக்கிவிடவேண்டும். அடுத்து, தண்டை மேசையில் உருட்டிப் பார்த்தால் வளைவு எங்கே என்று தெரியும். வளைந்த இடத்தை அடுப்பின் சூட்டில் காட்டி, மரம் கருகாமல் இளகும் தருணத்தில் எதிர்ப்புறமாக மெல்ல வளைத்து, ஆறும்வரை பிடித்திருக்கவேண்டும். ஒருமுறையில் நேராகாது, மூன்று நான்கு முறை செய்யவேண்டியிருக்கும். அவசரப்பட்டால் தண்டு முறியும்.

விறைப்பு என்னும் இரகசியம்

நெடுவில்லின் நடுவே அம்பு செல்ல வழியில்லை. அம்பு வில்லின் பக்கத்தில் கைமேல் சாய்ந்து கிடக்கிறது. ஆகையால் நாண் விடுபடும் கணத்தில் அம்பின் முனை இலக்கை நோக்காமல் சற்று விலகியே நிற்கிறது. ஆயினும் நன்கு செய்த அம்பு இலக்கிற்கே போய்ச் சேருகிறது. இதை வில்லாளனின் புதிர் என்பார்கள். 1930களில் கிளாரன்ஸ் ஹிக்மன் என்ற அமெரிக்க அறிஞர் அதிவேகப் படப்பிடிப்பின் மூலம் நடப்பதைக் கண்ணுக்குக் காட்டினார். நாணின் தள்ளுதலால் அம்பு நீரில் நெளியும் மீனைப் போல வளைந்து, வில்லைச் சுற்றிக்கொண்டு வெளியேறி, பிறகு தன்னை நேராக்கிக்கொள்கிறது.

எனவே தண்டு தன் வில்லுக்கு ஏற்ற அளவிலேயே வளையவேண்டும். வலக்கைக்காரர் எய்யும்போது, மிகவும் விறைப்பான அம்பு இடப்பக்கம் ஒதுங்கும். மிகவும் இளகிய அம்பு வலப்பக்கம் ஒதுங்கும். எத்தனை பயிற்சி செய்தாலும் இந்தக் குறையைக் கையால் திருத்த முடியாது.

விறைப்பை அளக்கும் முறை எளிது. 26 அங்குல இடைவெளியில் இரண்டு தாங்கிகளை வைத்து, அவற்றின்மேல் தண்டைக் கிடத்தி, நடுவில் இரண்டு இறாத்தல் எடையைத் தொங்கவிடவேண்டும். தண்டு எவ்வளவு தாழ்கிறது என்பதை அங்குலத்தில் அளந்து, 26ஐ அந்த எண்ணால் வகுத்தால் கிடைப்பதே அந்தத் தண்டு ஏற்கும் வில்லின் இழுவிசை. 0.52 அங்குலம் தாழ்ந்தால் 50 இறாத்தல் வில்லுக்கு உரியது, 0.65 அங்குலம் தாழ்ந்தால் 40 இறாத்தல் வில்லுக்கு உரியது. ஒரு பலகையும் இரண்டு ஆணிகளும் ஓர் அடிமட்டமும் இருந்தால் வீட்டிலேயே இதைச் செய்துவிடலாம். தண்டு நீளக்கூட இளகும். முனையின் பாரம் கூடினாலும் இளகும். இதையும் கணக்கில் எடுக்கவேண்டும்.

இங்கேதான் இந்தக் கலையின் உயிர்நிலை இருக்கிறது. ஓர் அழகான அம்பு செய்வது பெரிதன்று. ஒன்றுபோல் பன்னிரண்டு செய்வதே பெரிது. ஒன்று விறைப்பாகவும் ஒன்று இளகியும் இருந்தால், வில்லாளன் தன் பிழை எது, அம்பின் பிழை எது என்று ஒருபோதும் அறியமாட்டான். ஆகவே ஐம்பது தண்டுகளை அளந்து, விறைப்பிலும் எடையிலும் ஒன்றையொன்று ஒத்த பன்னிரண்டைப் பிரித்தெடுப்பவர்கள் உண்டு. எஞ்சியவை வீணல்ல, அவற்றிலிருந்து இன்னொரு கட்டு ஒத்துப்போகும்.

நாண் பிளவும் முனையும்

தண்டின் அடியில் நாண் அமரும் பிளவை இடுவது கவனமான வேலை. மரத்தை அறுத்த முகத்தில் ஆண்டு வளையங்கள் கோடுகளாகத் தெரியும். அந்தக் கோடுகளைக் குறுக்காக வெட்டிச் செல்லுமாறு பிளவு அமையவேண்டும். கோட்டோடு கோடாக வெட்டினால், நாணின் அறைதலில் தண்டு விறகுபோலப் பிளந்துவிடும். இரும்பறுக்கும் வாளின் இரண்டு மூன்று அலகுகளை ஒன்றாகச் சேர்த்துக் கட்டி அறுத்தால் நாணின் பருமனுக்கு ஏற்ற பிளவு கிடைக்கும். பிறகு சிறிய அரத்தாலும் உப்புத்தாளாலும் மழுப்பவேண்டும். பிளவுக்குச் செங்கோணமாக மெல்லிய கொம்புச் சில்லைச் செருகி ஒட்டினால் அது மேரி ரோஸ் காலத்து முறை. பிளாஸ்டிக்கில் வார்த்த பிளவுகளையும் கடைகளில் வாங்கி ஒட்டலாம். அதற்கு அடியைப் பென்சில் சீவுவதுபோலக் கூராகச் சீவ வேண்டும்.

தண்டின் மேற்புறத்தில் இழைகள் ஈட்டி வடிவக் கூர்களாகத் தோன்றும். அந்தக் கூர்கள் அம்புமுனையை நோக்கியிருக்குமாறு பிளவை அமைப்பது வழக்கம். தவறி அம்பு முறிந்தாலும், முறிந்த சிராய் வில்லைப் பிடித்த கைக்குள் ஏறாமல் மேல்நோக்கி விலகிச் செல்லும் என்பதற்காகவே இந்த ஏற்பாடு. அம்பைத் தன் இழுவையின் நீளத்தைவிட ஓர் அங்குலமாவது கூடுதலாக வைத்து வெட்டவேண்டும் என்பதும் கைக்காகத்தான். குட்டையான அம்பின் முனை முழு இழுவையில் வில்லுக்குள் வந்துவிட்டால், அடுத்த கணம் அது எங்கே போகும் என்று சொல்லத் தேவையில்லை.

மூன்று இறகுகள்

இறகு இன்று பெரும்பாலும் வான்கோழியினுடையது. இடச்சிறகின் இறகும் வலச்சிறகின் இறகும் எதிரெதிராக வளைந்தவை. ஓர் அம்பில் இரண்டையும் கலக்கக்கூடாது. கலந்தால் ஒன்று ஒருபுறமும் மற்றது மறுபுறமும் அம்பைச் சுழற்ற முயலும். இறகின் நடுத்தண்டை நீளவாட்டில் பிளந்து, அடியைத் தட்டையாகத் தேய்த்து, பருத்த முனை முன்னோக்கியிருக்க ஒட்டவேண்டும். மூன்று இறகுகளும் வட்டத்தைச் சமமாகப் பங்கிடுகின்றன. அவற்றுள் ஒன்று நாண் பிளவுக்குச் செங்கோணமாக, வில்லுக்கு எதிர்ப்புறம் பார்த்து நிற்கும். ஆங்கிலேயர் இதைச் 'சேவல் இறகு' என்பர். இருளிலும் விரலால் தடவி அறியும்பொருட்டு சிலர் அந்த இடத்தில் பிளவின் அருகே சிறு புள்ளியைச் செதுக்கி வைப்பார்கள்.

பிளாஸ்டிக் இறகு ஏன் ஆகாது என்று கேட்கலாம். நெடுவில்லில் அம்பு கையையும் வில்லையும் உரசிக்கொண்டே புறப்படுகிறது. பறவை இறகு படுத்துக் கொடுத்துவிட்டு மீண்டும் நிமிரும். பிளாஸ்டிக் முட்டிக்கொண்டு அம்பைத் திசைதிருப்பும்.

பசை காய்ந்தபின் இறகின் முன்னுனியை நூலால் இறுகச் சுற்றி, அந்த நூலின்மேல் பசை தடவி மழுப்புவது அலங்காரத்துக்காக அன்று. இதை எழுதுபவர் முதன்முதலாகச் செய்த ஆறு அம்புகளில் இந்த வேலையைத் தேவையற்றது என்று விட்டுவிட்டார். மூன்றாவது எய்தலில் இறகின் கூரிய அடி சுட்டுவிரலின் மேற்புறத்தை ஓர் அங்குல நீளத்துக்குக் கீறிச் சென்றது. அந்தத் தழும்பு இன்னும் நல்லாசிரியராக இருந்து வருகிறது.

முடித்தல்

மரம் ஈரத்தை உறிஞ்சும், உறிஞ்சினால் வளையும். மேற்சொன்ன ஆறு அம்புகளில் எஞ்சியவை பூச்சின்றித் தோட்டத்துக் கொட்டிலில் ஓர் இலையுதிர்காலம் முழுவதும் கிடந்தன. மழைமணத்தோடு எடுத்துப் பார்த்தபோது ஒன்றும் நேராக இருக்கவில்லை. மழைநாட்டில் பூச்சு பூசாத அம்பு செய்வது விறகு செய்வதற்குச் சமம்.

நேர்த்தியான உப்புத்தாளால் தண்டை இழையோடு தேய்த்து, தூசியைத் துடைத்து, மெல்லிய படையாகப் பூசவேண்டும். ஒரு தடித்த படையைவிட மூன்று மெல்லிய படைகள் சிறந்தவை. ஒவ்வொன்றும் நன்கு காய்ந்தபின்னரே அடுத்தது. வார்னிஷ் பூசலாம். மதுசாரத்தில் கரைத்த அரக்கும் பூசலாம். மேற்கத்திய தச்சர்கள் பெருமையாகப் பேசும் அந்த அரக்கு, நம் நாடுகளின் மரங்களில் வாழும் சிறு பூச்சி சுரக்கும் அதே அரக்குத்தான். ஆளிவிதை எண்ணெய் பூசுவோரும் உண்டு. ஆனால் எண்ணெய் பூசிய இடத்தில் பசை பிடிக்காது. இறகு ஒட்டும் பகுதியை விட்டுவிட்டே பூசவேண்டும். இன்னொரு எச்சரிக்கை: ஆளிவிதை எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டிக் குப்பைக் கூடையில் போடக்கூடாது. அது தானாகவே சூடேறித் தீப்பற்றும். விரித்து வெளியில் காயவைக்கவேண்டும், அல்லது நீரில் நனைக்கவேண்டும். பல குடும்பங்கள் ஒரே கூரையின் கீழ் வாழும் வீடுகளில் இதை மறக்கலாகாது.

கடைசியாக, இறகுக்கு முன்னே தண்டைச் சுற்றி வண்ண வளையங்கள் இடுவார்கள். தண்டைச் சுழற்றியபடி தூரிகையை அசையாமல் பிடித்தால் வளையம் சீராக விழும். ஒரே இலக்கில் பலருடைய அம்புகள் தைத்து நிற்கும்போது, தன்னுடையது எது என்பதை அந்த வளையமே சொல்லும். சிவப்பும் கறுப்புமா, நீலமும் வெள்ளையுமா என்பது அவரவர் விருப்பம். பன்னிரண்டிலும் ஒரே மாதிரி இருக்கவேண்டும் என்பது மட்டுமே விதி.

அம்புமுனையைச் சூட்டில் இளகும் பசையால் பொருத்தி, தண்டு உருளும்போது முனை ஆடாதிருக்கிறதா என்று பார்த்தால் வேலை முடிந்தது. ஆயினும் ஒவ்வொரு முறை எய்வதற்கு முன்னும் அம்பை இரு கைகளாலும் மெல்ல வளைத்து, வெடிப்பு உண்டா என்று பார்க்கவேண்டும். வெடித்த அம்பை முறித்தே எறியவேண்டும். முறிக்காமல் வைத்தால் யாரோ ஒரு சிறுவன் அதை எடுத்து நாணில் பூட்டுவான்.

சட்டம் என்ன சொல்கிறது?

பிரித்தானியாவில் வில் வைத்திருக்கத் துப்பாக்கிக்குரியது போன்ற உரிமம் தேவையில்லை. ஆனால் கூரிய முனையுள்ள பொருளைத் தக்க காரணமின்றிப் பொது இடத்தில் கொண்டு செல்வது குற்றம். வில்லால் விலங்குகளை வேட்டையாடுவதற்கும் அங்கே அனுமதியில்லை. பூங்காவிலோ வீட்டின் பின்வளவிலோ எய்துபார்க்க முயலாமல், அருகிலுள்ள வில்வித்தைச் சங்கத்தில் சேர்ந்து தொடக்கப் பயிற்சி பெறுவதே முறை. பயணத்தின்போது அம்புகளை உறைக்குள் மூடிக்கட்டிக் கொண்டுபோவது நன்று. அகதி விண்ணப்பம் நிலுவையில் உள்ளவர்கள் இதில் இருமடங்கு கவனமாக இருக்கவேண்டும். வேறு நாடுகளில் விதிகள் வேறுபடும். வாழும் நாட்டின் சங்கத்தைக் கேட்டறிந்து நடப்பது நலம்.

எதற்காக?

ஆயுதங்களின் ஓசையைக் கேட்டு ஊரைவிட்டு வந்தவர்களுக்கு அம்பு செய்யும் வேலை எதற்கு என்று ஒருவர் கேட்கக்கூடும். நியாயமான கேள்விதான். ஆனால் இங்கே செய்யப்படும் அம்பு எவரையும் நோக்கிப் போவதில்லை. வைக்கோல் இலக்கில் தைத்து, பிடுங்கப்பட்டு, மீண்டும் தன் எய்தவரிடமே திரும்பி வருகிறது. நீண்ட குளிர்கால மாலைகளில், தொலைக்காட்சியை அணைத்துவிட்டு, பிள்ளையும் தகப்பனும் ஒரே மேசையில் அமர்ந்து தண்டை உருட்டிப் பார்த்து 'இன்னும் சற்று இந்தப் பக்கம்' என்று பேசிக்கொள்ள அது ஒரு காரணத்தைத் தருகிறது.

அம்பின் தேவை இந்த நாட்டில் எப்போதோ தீர்ந்துவிட்டது. எந்த மன்னனும் இப்போது வாத்தின் இறகு கேட்டு ஆணை அனுப்புவதில்லை. ஆயினும் இழை பார்க்கத் தெரிந்தவரும் நூல் சுற்றத் தெரிந்தவரும் இன்னமும் இருக்கிறார்கள். பார்த்துப் பழகிய ஒருவர் பக்கத்தில் இருந்தவருக்குக் கற்றுக்கொடுத்ததால் இருக்கிறார்கள். பெயர் தானாக நிலைத்தது. கைவேலை அப்படி நிலைக்கவில்லை, அதை ஒவ்வொரு தலைமுறையும் முயன்று கையேற்க வேண்டியிருந்தது. தாய்நாட்டிலிருந்து நாம் கொண்டுவந்த மொழிக்கும் கலைகளுக்கும் இது பொருந்தும் என்பதை நம் வாசகர்களுக்கு விளக்கவேண்டியதில்லை.

அடுத்த முறை பிள்ளைகள் ஊர்க்கதை கேட்கும்போது, அயல்வீட்டு வளவுக்குள் போய் விழுந்த அந்த ஈர்க்கு அம்பைப் பற்றியும் சொல்லுங்கள். அது ஏன் புரண்டது என்று அவர்கள் கேட்பார்கள். இப்போது நம்மிடம் விடை இருக்கிறது.